மலே ஜென்ஸின் கல்

கிரின்ஸ்டெட்,
18 ஒக்டோபர், சனி

அன்பும் மரியாதையும் உள்ள மாமிக்கு,

உங்கள் தம்பியின் மகன் றொஜிதன் எழுதுவது. நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். நீங்களும் மன்னாரில் முழங்கால் வலி குறைந்து சுகமாயிருக்க மடு மாதாவை மன்றாடுகிறோம். இவ்வளவும் அம்மா பக்கத்தில் நின்று சொல்லி எழுதியது. அம்மா குசினிக்குப் போய்விட்டா. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டு வீதிக்கே கேட்கப் பண்ணுவீர்கள். குடும்பக் குறூப்பில் அப்பாவும் இருக்கிறார். அதனால்தான் லீவில் ஊருக்கு வருகிற பிரதீபன் அண்ணையின் கையில் கடிதமாகக் கொடுத்துவிடுகிறேன். வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

டென்மார்க்கில் மலே சரித்திரச் சின்னம் ஒன்றைக் கண்டுபிடித்ததாக அப்பா உங்களுக்குச் சொல்லியிருப்பார். அது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்று சொல்லியிருக்க மாட்டார். போன வருஷம் அம்மாவோடு கடற்கரைக்குப் போகிற வழியில், கழிப்பறை தேடி ஒரு நாட்டுப்புறக் கோயிலடியில் காரை நிறுத்தியிருக்கிறார். நாலு பண்ணைவீடு, ஒரு வெள்ளைக் கோயில், அதைச் சுற்றிக் கல்லறைகளோடு சேமக்காலை, அவ்வளவுதான் ஊர். சேமக்காலை மூலையில் முழங்கால் உயரத்தில் ஒரு கல், கீழ்ப் பாதி உடைந்துபோய், மேற்பாதி பாசி பிடித்து. அதில் எம், ஏ, எல், ஈ என்று நாலு எழுத்து, பிறகு கொஞ்சம் இடைவெளி, பிறகு ஜென்ஸ். உங்கள் தம்பி 'மலே ஜென்ஸ்' என்று வாசித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம், “மலேக்காரன்டா, மலாயாக்காரன். கப்பல் உடைஞ்சு கரையொதுங்கியிருப்பான். இவங்கள் ஞானஸ்நானம் குடுத்து ஜென்ஸ் எண்டு பேர் வச்சிருப்பாங்கள்” என்றார். எம், ஏ, எல், ஈ என்று ஏர்போட் கழிப்பறைக் கதவிலும்தான் இருக்கிறது, அங்கேயும் மலேக்காரனைப் புதைத்திருக்கிறார்களா என்று கேட்டேன்.

அன்றிலிருந்து மழையோ காற்றோ ஞாயிறு தவறாமல் அங்கே போகிறார், மெழுகுதிரி கொளுத்துகிறார், புல்லுப் பிடுங்குகிறார். “பிள்ளையளின்ர ரீச்சர் மீற்றிங்குக்கு ஒருநாள் வராத மனுசன், மலேக்காரனிட்ட மட்டும் மணிக்கணக்காப் போய் இருக்குது” என்று அம்மா முறைப்பாடு வைத்தா. நானும் நேரடியாகக் கேட்டேன், என்ன லொஜிக் இது என்று. உங்களுக்கு அது விளங்கியிருக்கும், எனக்குத்தான் பிந்தி விளங்கியது. உங்கள் ஐயா, என் அப்பப்பா, மலாயா ரெயில்வே வேலைக்கு லீவு முடிந்து திரும்பிப் போனபோது அப்பாவுக்கு ஏழு வயது. பிறகு கடிதம் நின்றது. அங்கே மலேப் பெண் ஒருத்தியைக் கட்டி, பெயரையும் மாற்றிக்கொண்டார் என்று யாரோ வந்து சொன்னதோடு செய்தியும் நின்றது. அப்பா காரில் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார்: “அங்க ஐயாட கல்லில என்ன பேர் கிடக்கோ. ஆரும் ஒருத்தன் துடைச்சு விடுவான். நான் இவனைத் துடைக்கிறன்.” இதில் லொஜிக் இல்லைதான்.

போன மாதம் அந்தக் கல்லில் ஒரு பச்சை மட்டையைக் கட்டிவிட்டார்கள். பொறுப்பெடுக்க ஆளில்லாத கல்லை இங்கே கிளப்பி எடுத்து நொறுக்கி ரோட்டுக்குப் போட்டுவிடுவார்கள், அதற்கான அறிவித்தல். சரித்திர மதிப்பு இருப்பதாகக் காட்டினால் விட்டுவைப்பார்களாம். அதனால் போன சனிக்கிழமை கல்லை நிரூபிக்கக் குடும்பமாகப் புறப்பட்டோம். கூடவே அப்பாவின் கூட்டாளி குணசேகரம் அண்ணை. வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் இடைவழியில் கைவிட்டு எட்டு மாதம் மலேசியாவில் ஓரறைக்குள் அடைந்து கிடந்தவர் என்பதால் அவர்தான் எங்கள் மலே நிபுணர். பூப்போட்ட பத்திக் சேட்டோடு வந்தார், நாலு பாகை குளிரில். பாதி வழியில் என் மின்சாரக் காருக்குச் சார்ஜ் பதினொரு வீதம்தான் மிச்சம். சார்ஜ் போடுகிற இடத்தில் ஒரு டிராக்டர் நின்றது. அதன் சொந்தக்காரன் சாப்பிடப் போயிருந்தான். ஒன்றரை மணி நேரம் குணசேகரம் அண்ணை எங்களுக்கு மலே மொழி படிப்பித்தார். அவருக்குத் தெரிந்தது மூன்று சொல்.

சேமக்காலையைப் பார்க்கிற ஆளை இங்கே கிரேவர் என்பார்கள். அந்த மனிதன் எங்களுக்காகக் காத்திருந்து பசித்துப்போய் நின்றான். அம்மா கல்லுகளுக்கு நடுவே பாயை விரித்து ரோல்ஸ் கொடுத்தா. இரண்டாவது கடியில் பச்சைமிளகாய். அவனுக்குக் கண்ணீர் ஓடத் தொடங்கியது. “பாத்தியே நவரத்தினம், மலேக்காரனுக்கு வெள்ளைக்காரனே அழுறான்” என்றார் குணசேகரம் அண்ணை அப்பாவிடம். “அண்ணை, அது உறைப்பு. தண்ணியைக் குடுங்கோ” என்றேன்.

அன்று அதிசயமாக மழை இல்லை. கல் காய்ந்து வெளிறிக் கிடந்தது. கிரேவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டான். மாமி, என் வேலை காற்றாலை இறக்கைகளில் வெடிப்புத் தேடுவது. நேரே பார்த்தால் தெரியாது, டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மயிரளவு கீறலும் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். குனிந்து டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். இடைவெளியில் இன்னொரு எழுத்து இருந்தது. ஆர். டெனிஷில் அந்த ஐந்து எழுத்தும் சேர்ந்தால் பெயின்டர். கப்பலும் இல்லை, மலேக்காரனும் இல்லை. சுவருக்குப் பெயின்ட் அடித்த ஜென்ஸ் என்ற டெனிஷ்காரன்.

அப்பா எனக்குப் பின்னால் மெழுகுதிரியோடு நின்றார். நான் எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவன், அதற்காக நீங்களே என்னை ஏசியிருக்கிறீர்கள். ஆறு வருஷ வேலையில் ஒரு வெடிப்பையும் மறைத்ததில்லை. அன்று பெருவிரலை அந்த எழுத்தின் மேல் வைத்தேன். “மலே” என்று கிரேவரிடம் சொன்னேன். “மலே மாலுமி.” அவன் தந்த படிவத்தில் அப்படியே எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். மட்டையை அவிழ்த்தான். அப்பா கல்லின் தலையைக் கைலேஞ்சியால் துடைத்தார், பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரி. திரும்பி வரும்போது கார் முழுக்க ஒரே சிரிப்பு.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். இறந்தவர்களுக்கான ஆத்துமாக்கள் திருநாள் பூசையில் உங்கள் ஐயாவின் பெயரோடு 'மலே ஜென்ஸ்' என்றும் வாசிக்கச் சொல்லிப் பாதரிடம் கொடுத்திருக்கிறீர்களாம். அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுங்கள். அப்பாவுக்கு விஷயத்தைச் சொல்வதும் உங்கள் பொறுப்பு. நீங்கள் சொன்னால் தாங்குவார். என்னால் முடியவில்லை. மூன்று தரம் வாயைத் திறந்து, மூன்று தரமும் தேத்தண்ணி கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு முத்தம். முழங்கால் வலிக் குளிசையை நேரத்துக்குப் போடுங்கள்.

உங்கள் ஆசீரை வேண்டும் மருமகன்,
றொஜிதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டவில்லை, நல்லகாலம். இன்று ஞாயிறு. விடியத் தொடங்கிய மழை. அப்பா வெளிக்கிட்டு நின்றார். “மழை விடட்டும், அப்பா” என்றேன். “எல்லா ஞாயிறும் மழைதானேடா” என்று காரில் ஏறிவிட்டார். போய்ப் பார்த்தால், நனைந்த கல் கறுத்து, அந்த ஆர் கார் நம்பர் தகடு மாதிரித் தெளிவாகத் தெரிகிறது. ஓடிப்போய்க் கையால் மறைத்தேன்.

“கையை எடு, தம்பி. அது ஆர்.”

“உங்களுக்குத் தெரியுமே?”

“ரெண்டாம் முறை வந்த நாளே தெரியும். முப்பது வருசம் டெனிஷ் ஃபக்டரியில என்ன, மாடே மேய்ச்சனான்? அண்டைக்கு நீ விரலை வச்சதையும் கண்டனான்.”

“அப்ப ஏன் வாறியள்?”

மெழுகுதிரிக்குக் குடையைப் பிடிக்கச் சொன்னார். “பெயின்டருக்கும் ஆரும் வரேல்லை” என்றார்.

நாளைக்குக் கிரேவரிடம் போய், படிவத்தில் என் பொய்யை வெட்டச் சொல்லி, கல்லைத் தன் பெயரில் பொறுப்பெடுக்கப் போகிறாராம். சொந்தமில்லாதவரும் காசு கட்டி எடுக்கலாம் என்று இப்போதுதான் அறிந்தாராம். ஆகவே மாமி, மேலே எழுதியது ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம். பூசையில் பெயரை எடுக்கவும் வேண்டாம், 'பெயின்டர் ஜென்ஸ்' என்று திருத்தினால் போதும். இன்னொன்றும் கேட்டு எழுதச் சொன்னார். ஐயாவுக்கு அங்கே வைத்த மலேப் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் பாதர் முறைத்தாலும் பரவாயில்லை, அதையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள்.