நட்சத்திரம் போட்ட ரகசியம்

ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்கிற கண்ணாடிக் கடைக்காரருக்கு, தன் சந்தேகக் கண்ணுக்குப் பவர் பார்க்கத்தான் ஆளில்லை. பதினாறு வருஷக் குடித்தனத்தில் அந்தக் கண்ணுக்குப் பெரிதாகத் தீனி எதுவும் கிடைத்ததில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிடைத்தது. மனைவி குளிக்கப் போயிருந்தாள். அவளுடைய கணினித் திரையில் இப்படி இருந்தது:

# அவர்
- ~~கெஞ்சுவது~~
- ~~சண்டை போடுவது~~
- **[வேறு வழி](வழி)**

'அவர்' என்றால் தான்தான். அந்த வீட்டில் வேறு அவர் கிடையாது. வீட்டிலிருந்தே மோட்டார் பம்புக்குக் கையேடு எழுதுகிறவள் அவள். எந்தப் பம்பிடம் போய் யார் கெஞ்சுவார்கள்?

"என்னது இது, பூச்சியும் புழுவுமா?" என்று அவள் வந்ததும் போகிற போக்கில் கேட்டுப் பார்த்தார்.

"வேலைங்க. உங்களுக்குப் புரியாது."

புரியாதாமே! கடைக்குப் போனதும் கைபேசியில் பாடத்தைத் தேடி உட்கார்ந்துவிட்டார். மூன்று நாளும் கடைக்கு வந்தவர்களெல்லாம் கண் சோதிக்கிற எழுத்துப் பலகை முன்னால் காத்துக் கிடந்தார்கள். அதன் பெயர் மார்க்டவுன் என்று தெரிந்தது. சாதாரண எழுத்தோடு சின்னச் சின்னக் குறி சேர்த்தால் போதும்: # போட்டால் தலைப்பு, கோடு போட்டால் பட்டியல். இரு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரம் போட்டால் தடித்த எழுத்து. அலைக்கோட்டுக்கு நடுவில் வருவது அடித்துவிட்டது. சதுர அடைப்புக்குள் இருப்பதை அழுத்தினால் வேறு பக்கம் திறக்கும்.

படித்த பிறகுதான் பயம் அதிகமானது. கெஞ்சுவதையும் அடித்துவிட்டாள், சண்டையையும் அடித்துவிட்டாள். மிச்சம் இருப்பது வேறு வழி, அதுவும் தடித்த எழுத்தில். வக்கீலா? பிறந்த வீடா? அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் துணி காயப்போடப் போன சமயம், அந்த வழியை அழுத்தினார். பம்புக் கையேடு திறந்தது. நாற்பது பக்கம், ஒரு தலைப்புகூட இல்லாமல் ஒரே மொத்தையாகக் கிடந்தது.

"திறந்துட்டீங்களா?" காலி வாளியோடு அவள் பின்னால் நின்றாள். "அப்போ எல்லாம் கத்துக்கிட்டீங்க. திங்கட்கிழமை குடுக்கணும். தலைப்பு, பட்டியல் எல்லாம் நீங்களே போட்டுடுங்க."

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே?"

"இதைக் கத்துக்கிட்டு எனக்கு உதவுங்கன்னு ரெண்டு தடவை கெஞ்சினேன். ஒரு தடவை சண்டையும் போட்டேன். இந்த வயசுல புதுசா எதுவும் ஏறாதுன்னீங்க."

வக்கீல் இல்லை என்ற நிம்மதியில் அவருக்குக் கோபம்கூட வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கால் மணி நேரம் கழித்துச் சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"ஓடுற மோட்டார்ல கை வைக்கக் கூடாதுன்னு இருக்கே, அதுக்கு ரெண்டு நட்சத்திரம் போதுமாம்மா?"