நாற்பத்தேழாம் வரிசை முழங்கைப் பரணி

அரை அங்குலம்!

அரையே அரை அங்குலம் பின்வாங்கிவிட்டது மரியசெல்வத்தின் வலது முழங்கை. பல்லைக் கடித்தார். மூச்சைப் பிடித்தார். கறம்பக்குடிச் சந்தையில் எண்பது கிலோ முந்திரிக்கொட்டை மூட்டையை ஒற்றைத் தோளில் ஏற்றிய அந்தக் காலத்து வலுவையெல்லாம் ஒரே மூட்டுக்கு வரவழைத்து, உந்தினார். இழந்த அரை அங்குலம் மீண்டது. கூடவே எதிரியின் மண்ணில் ஒரு நூல் அகலமும் வசமாயிற்று.

எழுக, முழங்கைகளின் காவல் தெய்வமே! இருக்கைக்கு எண் கொடுத்து இடம் கொடுக்க மறந்த பேரருளே! பதினெட்டு அங்குலத்துக்குள் ஒரு முழு மனிதனை மடித்து வைக்கலாம் என்று கண்டறிந்த பொறியாளப் பெருந்தகையே! உங்களை முதற்கண் வணங்கி, முந்திரிக் குலக்கொழுந்தும், ஆறடி இரண்டங்குல ஆண்சிங்கமும், வலது முட்டியில் ஆபரேஷன் தழும்பும் நெஞ்சில் வைராக்கியமும் தாங்கியவருமாகிய மரியசெல்வம் நடத்திய பெரும்போரைப் பாடத் துணிந்தோம். பிழை பொறுத்தருள்க.

களம் எது? கேளுங்கள். மாடிவீடு ஒன்றுக்குச் சிறகு முளைத்தாற் போன்றதும், ஐந்நூறு பேரை ஒரே வாயில் விழுங்கி ஏப்பம் விடாமல் எழும்புவதும், செல்வந்தர்க்கு மேல்தளத்தில் மெத்தையும் எஞ்சியோர்க்குக் கீழ்த்தளத்தில் முட்டிவலியும் பாகுபாடின்றி வழங்குவதுமாகிய இரண்டடுக்குப் பெருவானூர்தியின் வால்பக்கத்தே, நாற்பத்தேழாம் வரிசை. ஜன்னலோரம் ஏ ஆசனம். அதில் மரியசெல்வத்தின் மனைவி ஞானமணி, இப்போரின் தலைமை நீதிபதி. நடுவே பி ஆசனம். அதில் நம் தலைவர். நடைபாதை ஓரம் சி ஆசனம். அதில் ஞானமணியின் தம்பி பீட்டர். பி-க்கும் சி-க்கும் இடையே, நாலு விரற்கடை அகலத்தில், இரண்டு முழங்கைக்கும் பொதுவாய் வாய்த்த ஒரே ஒரு கைப்பிடி.

அந்த நாலு விரற்கடைதான் குருக்ஷேத்திரம்.

ஆஸ்திரேலியாவில் மகள் பிளெஸ்ஸிக்குத் தலைப்பிரசவம். பறக்க வேண்டியது பதினான்கு மணி நேரம். பேரப்பிள்ளையைக் கம்பீரமாக நின்றுகொண்டுதான் கையில் வாங்குவேன் என்பது மரியசெல்வம் எடுத்த சபதம். நடைபாதை ஓரம் கிடைத்தால் முட்டியை நீட்டி நீட்டி மடக்கலாம், சபதமும் நிறைவேறும். நடு ஆசனத்தில் பதினான்கு மணி நேரம் முடங்கினாலோ, அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத்தான் தள்ளிப்போக வேண்டும். பீட்டரின் நியாயமும் இளைத்ததல்ல. அவருக்குச் சர்க்கரை. மணிக்கு இரண்டு முறை எழுந்தோடியாக வேண்டும்.

ஆகவேதான் ஞானமணி தீர்ப்பாணை பிறப்பித்திருந்தாள்:

"இந்தா பாருங்க ரெண்டு பேரும். யாரு கை மொதல்ல கைப்பிடிய விட்டு எறங்குதோ அவுகளுக்கு நடு சீட்டு. அப்பறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வரக் கூடாது."

பீட்டரைச் சாமானியர் என்று எண்ணிவிடாதீர்கள். புதுக்கோட்டையிலிருந்து ஆவுடையார்கோவில் வரைக்கும், ஐம்பது பேர் ஏறவேண்டிய பஸ்ஸில் நூற்றுப் பத்துப் பேர் பிதுங்கும் முகூர்த்த நாட்களில், கம்பியைத் தொடாமல், காலை ஊன்றாமல், வெறும் முழங்கையாலேயே கூட்டத்தைப் பிளந்து முன்படிக்கும் பின்படிக்கும் ஊடாடிய இருபத்தாறாண்டுக் கண்டக்டர் அவர். விசில் வேந்தன். சில்லறைச் சிங்கம். அவருடைய இடது முழங்கை, எலும்பும் தோலுமாகத் தெரிந்தாலும், உள்ளே உலக்கைப் பூண்.

"உள்ள எடம் இருக்கு, மச்சான். தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க," என்றார் பீட்டர், பழைய தொழில் குரலில்.

"மாப்ள, டிக்கெட்டுக் கிழிச்ச கைக்கு இம்புட்டுத் திமிரா?"

"கிழிச்சது டிக்கெட்டு மட்டும் இல்ல மச்சான்."

மீண்டும் மோதின முழங்கைகள். மத்தகத்தோடு மத்தகம் பொருதும் களிறுகள் எனவும், ஒரே பாறைக்கு உரிமை கோரும் இரு பேரலைகள் எனவும், ஆடித் தள்ளுபடியில் ஒரே சேலையின் இரு முனையைப் பற்றிய இரு மங்கையர் எனவும் அவை பொருதன. முன்னே நின்ற தடுப்பு மரியசெல்வத்தின் முட்டியை இடித்தது. இடுப்பை இறுக்கிய பட்டை வயிற்றை இரு கூறாய்ப் பிரித்தது. தலைக்குமேல் ஓயாமல் இரைந்தது காற்று. அவர் கண் இமைக்கவில்லை.

அப்போதுதான் அது நடந்தது.

மூன்று ஆசனமும் கிடுகிடுவென ஆடின. "டர்புலன்ஸ்!" என்று பின்னாலிருந்து கூவினாள் பணிமகள் ஹரிணி. அபாய அறிவிப்புக்குரிய கவலை அந்தக் குரலில் துளியும் இல்லை. ஒருவித உற்சாகம்தான் இருந்தது.

குலுங்கும் களம் கண்டக்டரின் தாய்வீடு அல்லவா! பீட்டர் மெழுகுவர்த்திபோல் நிமிர்ந்து அமர்ந்தார். நம் தலைவரோ பாய்மரம் ஒடிந்த தோணியானார். முழங்கை வழுக்கியது. இரண்டு நூல். நாலு நூல். விளிம்பு! இனி ஒரு குலுக்கல் போதும், பதினான்கு மணி நேரச் சிறை உறுதி.

"போதும்டி, ஆட்டினது!" என்று ஞானமணி முழங்க, வானமும் அடங்கிற்று.

விளிம்பில் தொங்கிய முழங்கை மெல்ல மெல்ல மேலேறியது. மரியசெல்வத்தின் நெற்றியில் வியர்வை. உதட்டில் புன்னகை. ஆனால் ஊழ் அடுத்த ஆயுதத்தை அதற்குள் தட்டில் வைத்து எடுத்து வந்துவிட்டது.

"சார், சிக்கனா, வெஜ்ஜா?" கழுத்தில் ஸ்கார்ப் சுற்றி, சட்டையில் பெயரட்டை குத்தி, சிரிப்பை உதட்டுக்குள் பூட்டிக்கொண்டு நின்றாள் ஹரிணி.

"சிக்கன்!" இரு பகைவரும் ஒரே குரலில் உடன்பட்ட முதல் கணம் அது.

தட்டு மடியில் இறங்கியது. மசாலாவின் மணம் மூக்கில் ஏறியது. அந்த நொடியில்தான், ஐயகோ, மரியசெல்வத்துக்கு உண்மை உறைத்தது. பீட்டர் களத்தில் இறக்கியிருப்பது இடது கை. தான் இறக்கியிருப்பது வலது கை. சோற்றுக்கை! அதோ, பீட்டரின் வலது கை சுதந்திரமாக ஒரு தொடைக்கறியை நோக்கிப் பறக்கிறது. இங்கேயோ, இடது கையால் சோறள்ளினால் குலமே தலைகுனியும். வலது கையை எடுத்தால் முட்டி முடங்கும்.

பட்டினி கிடப்போம் என்று முடிவெடுத்தார் வீரர். இதற்கு முன்பும் பட்டினி கிடந்திருக்கிறார். தவக்காலத்தில். ஆனால் அப்போது மடியில் சிக்கன் இருந்ததில்லை.

பீட்டர் ஒரு வாய் வைக்கப்போனவர், நிறுத்தினார். கண்ணில் ஒரு மின்னல். கொடிய மின்னல்.

"மச்சான், பங்குப் பேரவையில இருக்கீங்க. செபம் சொல்லாம எப்புடிச் சாப்புடுறது? சிலுவ போடுங்க."

சதி! மகா சதி! சிலுவை அடையாளத்துக்கு வலது கைதான் வேண்டும். நெற்றிக்குப் போகும் கை கைப்பிடியில் எப்படி இருக்கும்? மறுத்தாலோ பக்தியில்லாதவன். மரியசெல்வம் மனைவியைப் பார்த்தார். அகன்ற கடலில் மிதக்கும் ஒற்றைப் பலகையைப் பார்க்கிற பார்வை அது.

ஞானமணி தொண்டையைச் செருமினாள்.

"சிலுவ போட்டா மட்டும் போதுமாடா? ரெண்டு கையும் கூப்பு நீயும். செபத்துக்கு எடுத்த கை கணக்குல வராது. ஆமென் சொன்ன பெறகு எவுக கை மொதல்ல கைப்பிடியில விழுகுதோ, அவுக செயிச்சாங்க. முடிஞ்சுச்சு."

பீட்டரின் முகம் கடைசி டிரிப் ரத்தான முகமாயிற்று.

நான்கு கைகள் உயர்ந்தன, குவிந்தன. கைப்பிடி, யுகங்களுக்குப் பின் முதன்முதலாக, தனியே கிடந்தது. கண்கள் மூடியிருந்தன என்றா நினைக்கிறீர்கள்? இரண்டு ஜோடி ஓரக்கண்ணும் அதன்மேல்தான். ஞானமணியின் செபம் நீண்டது. "ஆண்டவரே, எங்க பிளெஸ்ஸிக்குச் சுகப்பிரசவம் ஆகணும்..." ஒரு கணம் இரு வீரரும் மெய்யாகவே கண்ணை மூடினார்கள். "பிள்ள நல்ல நெறமா இருந்தாலும் இல்லாட்டியும் நல்ல கொணமா இருக்கணும்... தாத்தன் மாதிரியோ, மாமன் மாதிரியோ இல்லாம, கொஞ்சம் புத்தியோட இருக்கணும்..." கண்கள் திறந்தன. "இந்த ரெண்டு பேரும் போற எடத்துல என் மானத்த வாங்காம இருக்கணும்..." முழங்கைகள் வில்லின் நாணென விறைத்தன. "இதெல்லாம் இயேசுவின் நாமத்துல கேக்குறோம்..."

பிரபஞ்சம் மூச்சடக்கியது.

"ஆமென்!"

விண்ணிலிருந்து இரு இடிகள் ஒரே மரத்தின்மேல் இறங்கினாற்போல், முந்திரி முழங்கையும் விசில் முழங்கையும் ஒரே கணத்தில், ஒரே புள்ளியில், தாக்கின. டொக்! கைப்பிடி பெயர்ந்தது. சரிந்தது. இருவர் காலுக்கும் நடுவே தரையில் விழுந்து, உருண்டு, ஓய்ந்தது.

வென்றவர் எவருமில்லை. வெல்வதற்கு ஏதுமில்லை.

"சரி, கேட்டுக்கங்க," என்றாள் ஞானமணி. "நடுவுல நான் உக்காந்துக்கிறேன். அங்கிட்டு ஒரு கைப்பிடி, இங்கிட்டு ஒரு கைப்பிடி, ரெண்டும் எனக்கு. ஜன்னல்ல பீட்டரு. ஓரத்துல நீங்க."

"அக்கா! நான் மணிக்கு ரெண்டு தடவ எந்திரிக்கணுமே!"

"எந்திரி. ஒனக்கு வழி விட இவுகளும் எந்திரிச்சு நிக்கட்டும். அரமணிக்கு ஒருக்கா நடங்கன்னு டாக்டர் சொன்னதுக்கும் ஆச்சு."

மரியசெல்வம் முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு, சபதம் காத்த அந்த வலது கையைச் சிக்கனுக்குள் இறக்கினார். ஓர ஆசனம் இழந்த விசில் வேந்தரோ தொடைக்கறியில் ஆறுதல் தேடினார்.

ஞானமணி எழுந்து, கைப்பிடி என்று சொருகிவைத்திருந்த கிரிக்கெட் மட்டையைப் பொறுக்கிப் பக்கத்து வீட்டு ஹரிணியிடம் கொடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, வாசலில் நின்ற பால்காரரிடம், "பிளைட்டு புதன்கிழமைதாங்க, அதுவரைக்கும் எப்பவும்போல அரை லிட்டர் ஊத்துங்க," என்றாள்.