தைரியநாதனின் வலது கால்

"இன்னும் கொஞ்சம் தேய்டி. கறுப்பு போவல."

"அது அழுக்கு இல்லய்யா, உன் கலரு," என்றாள் தைரியநாதனின் மனைவி சலேத்மேரி.

பெரிய வியாழன் மத்தியானம். சாயங்காலப் பூசையில் பங்குச்சாமியார், இயேசு தன் சீடர்களுக்குச் செய்தது போல, பன்னிரண்டு பேரின் வலது காலைக் கழுவி முத்தமிடுவார். கோயில் கட்டின நாளிலிருந்து அந்தப் பன்னிரண்டு நாற்காலியும் மேலத்தெருவுக்குத்தான். புதுச்சாமியார் வந்தார். "கரும்பு வெட்டுற காலும் வேணும்" என்று காலனியிலிருந்து தைரியநாதனைக் கூப்பிட்டுவிட்டார். காலனி மொத்தமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது.

மேலத்தெருக்காரரான பங்குப்பேரவைத் துணைத்தலைவர் பெரியநாயகத்துக்கு மட்டும் அது தொண்டையில் இறங்கவில்லை. சாமியார் பக்கத்தில் துண்டு ஏந்தி நிற்கிற கௌரவம் அவருடையது. "துண்டு புடிக்கிறேன். ஆனா அவன் காலுகிட்ட என்னைக் குனியச் சொல்லக் கூடாது" என்று பேரவைக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். இத்தனைக்கும் லாரி வாங்குவதற்கு முன்னால் அவரும் கரும்பு வெட்டிப் பிழைத்தவர்தான்.

அதனால்தான் தைரியநாதனுக்குக் கால் பளிச்சென்று இருக்க வேண்டும். வெடிப்பில் ஏறியிருந்த கரும்புக்காட்டுச் சேறு சோப்புக்கு அசையவில்லை.

"செங்கல்லு போட்டுப் பாக்கட்டா?" என்றாள்.

கறுப்பு போகவில்லை. தோல் போனது. ரத்தம் நிற்க மஞ்சளை அப்பினாள். கால் கல்யாணப் பெண்ணுடையது போல ஆனது. அதை மறைக்கத் துணி சுற்றினாள்.

"கட்டுப் போட்ட காலா? சீக்காளியக் கொண்ணாந்து உக்கார வெச்சாங்கம்பானுங்க."

"அப்ப போவாத. நாற்காலி மேலத்தெருவுக்கே போவட்டும்."

தைரியநாதன் கட்டுப் போட்ட காலை முன்னால் நீட்டினான்.

சலேத்மேரி பரண்மேலிருந்து ஒரு ஜோடி பூட்ஸை இறக்கினாள். கல்வராயன் மலையில் வனக்காவலராக இருக்கும் அவள் தம்பி தங்கமணியுடையது. கட்டோடு காலை நுழைப்பதற்குள் இருவருக்கும் வியர்த்துவிட்டது. அவளே குனிந்து கயிற்றை இறுக்கினாள்.

கோயில் வாசலில் உபதேசியார் மறித்தார். "செருப்ப வெளிய வுடுப்பா."

"செருப்பு இல்லீங்க, பூட்ஸு. சாமியே கழட்டுவாரு."

பதினோரு வெறுங்கால். ஒரு பூட்ஸ். சாமியார் முழங்கால் போட்டு அண்ணாந்து பார்த்தார்.

"கழட்டலாமா?"

"கழட்டுங்க சாமி."

கயிற்றை இழுத்தார். நகத்தால் நோண்டினார். பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. உபதேசியார் கத்தரிக்கோலோடு ஓடிவந்தார்.

"அறுத்துடாதீங்க, கவர்மெண்ட் பூட்ஸு," என்றான் தைரியநாதன்.

"இது என்ன முடிச்சுப்பா?"

"கரும்புக்கட்டு முடிச்சு சாமி. கையால அவுராது. ஒருத்தர் புடிச்சிக்கணும், ஒருத்தர் பல்லால கடிச்சி இழுக்கணும்."

சாமியார் குரலைத் தாழ்த்தினார். "என்னோடது கட்டின பல்லு." பிறகு துண்டோடு நின்றவரைப் பார்த்தார். "நீங்க கரும்பு வெட்டினவர்தானே?"

மைக் பக்கத்தில் இருந்தது. கோயில் முழுக்கக் கேட்டது.

பெரியநாயகம் இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் போட்டார். சாமியார் பூட்ஸைப் பிடித்துக்கொள்ள, குனிந்து கயிற்றைக் கடித்து ஒரே இழுப்பு. முடிச்சு அவிழ்ந்தது. பூட்ஸோடு கட்டும் கழன்று வந்தது. சாமியார் கழுவினார், தண்ணீர் மஞ்சளாய் ஓடியது. முத்தமிட்டார். குனிந்தது குனிந்தபடி பெரியநாயகமே துடைத்துவிட்டார்.

எழுந்து மீசையைத் தடவிக்கொண்டார். "நம்ம பல்லு இன்னும் தாங்குது," என்று உபதேசியாரிடம் சொன்னார். அதில் ஒரு பெருமை இருந்தது.

பூசை முடிந்து காலனி ஊர்வலம் மாதிரி வீடு திரும்பியது. "நம்மாளு காலுகிட்ட பெரியநாயகம்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டி வந்த தைரியநாதனுக்கு ஒன்றுதான் உறுத்தியது.

"ஏண்டி, பூட்ஸ் கயித்துக்குப் போயி அந்த முடிச்சா போடுவ? மானம் போவ இருந்துச்சி. கைப்பழக்கமா?"

சலேத்மேரி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"பழக்கம் இன்னா பழக்கம்? கூட்டத்துல அவரு குனிய மாட்டேன்னாரே, அன்னிக்கே மலைக்கு ஆள் வுட்டு பூட்ஸ வாங்கி வெச்சிட்டேன்."