சோடாக் குப்பி வெடித்த காலை

அறிவியல் தெரியாதவனால் ஒரு வீட்டுக்கும் ஆபத்தில்லை. அரைகுறையாகத் தெரிந்தவன்தான் ஆபத்து. நான் பி.எஸ்ஸி. (அதுவும் மூன்றாம் வகுப்பு.)

எழுபதுகளின் தொடக்கம், கல்கத்தா. கார்டன் ரீச்சில் ரயில்வே வேலை, ஜாதவ்பூரில் வாடகை வீடு. போலீசுக்கும் நக்சல் பக்கம் போன கல்லூரிப் பையன்களுக்கும் நடந்த சண்டையில் எங்கள் சந்தில் அடிக்கடி குண்டு வெடிக்கும். சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வது எல்லோருக்கும் பழகிவிட்டது.

மாற்றலாகிப் போன நண்பர் ஒருவர், வீட்டிலேயே சோடா போடும் குடுவையை எனக்குக் கொடுத்திருந்தார். கட்டைவிரல் அளவு இரும்புக் குப்பியில் வாயுவை அழுத்தி அடைத்திருப்பார்கள். அதைக் குடுவையில் திருகினால் தண்ணீர் சோடாவாகிவிடும்.

திருச்சியிலிருந்து மைத்துனன் சேகர் வந்திருந்தான். அவனிடம் பெருமை காட்ட வேண்டாமா? ஆனால் ஜனவரிக் குளிரில் சோடாவில் காரமே ஏறவில்லை. குப்பிகளைக் கொஞ்சம் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று கண்டுபிடித்து, ஒன்றைக் கரி அடுப்பின் விளிம்பில் வைத்தேன்.

“என்னங்க, சூட்டுல வைக்கக் கூடாதுன்னு டப்பாவுல போட்டிருக்கே” என்றாள் மனைவி சாரதா.

அது மெட்ராஸ் வெயிலுக்குச் சொன்னது என்று விளக்கி, அவளைக் கூடத்துக்கு அனுப்பினேன்.

வெடித்தது. ரசச் சட்டி கூரைக்குப் போய்த் திரும்பியது. ஏதோ ஒரு துண்டு என் நெற்றியைக் கிழித்தது. புளியும் ரத்தமுமாகக் குப்புறக் கிடந்தேன். கூடத்தில் கட்டிலுக்கடியிலிருந்து சேகரின் குரல் வந்தது: “அத்தான், இருக்கீங்களா?”

சந்து முழுக்கக் கதவுகள் சாத்தும் சத்தம். ஒரே ஒரு கதவு மட்டும் திறந்தது. நாங்கள் மாஷிமா (வங்காளத்தில் சித்தி) என்று கூப்பிடும் எதிர்வீட்டு அம்மாவின் கதவு. அவருடைய ஒரே மகன் கோகோன், கல்லூரியை விட்டு அந்தப் பையன்களோடு போனவன். போன துர்கா பூஜைக்கு முன்பிருந்தே தகவல் இல்லை.

செருப்பில்லாமல் ஓடி வந்தார். ஒரு கையில் டிங்சர் பாட்டில், இன்னொரு கையில் மடித்து வைத்த பழைய புடவைக் கிழிசல். கிடந்தவனின் தோளைப் பிடித்துத் திருப்பினார். என் முகத்தைப் பார்த்தார்.

“கோகோன் நொய்” என்றார். கோகோன் இல்லையாம்.

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். என் பக்கத்திலேயே உட்கார்ந்து, புளியைத் துடைத்து, டிங்சர் தடவி, கட்டுப் போட்டார். மகனுக்காக எடுத்து வைத்திருந்த துணி முழுவதையும் எனக்கே சுற்றிவிட்டார். சாரதாதான் அவரைக் கைப்பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

நாங்கள் கல்கத்தாவை விட்டுக் கிளம்பும்வரை கோகோன் வரவில்லை.

இன்றும் குடும்பக் கல்யாணங்களில், அத்தான் குண்டு செய்த கதையைச் சேகர் நடித்தே காட்டுவான். குப்புற விழுந்து என்னைப் போலவே முனகுவான். பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தபடி எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவன் கதையில் மாஷிமா வரமாட்டார். அவர் வந்துபோன நேரம் முழுக்க அவன் கட்டிலுக்கடியில் இருந்தான்.