முதல் ரசிகரின் மூங்கில்

"அண்ணே, சனிக்கிழமை உங்க சீலிங்கைப் படம் பிடிக்க வர்றாங்க," என்றார் சுசீலா.

பசுபதி இரும்புக் கிரில்லைத் திறக்காமலேயே நின்றார். "எந்த சீலிங்?"

"உங்க ஹால் சீலிங்தான் லா. உலகமே தேடிட்டிருக்கு. நீங்க ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறீங்க."

சுசீலா அந்த பூன் லே வட்டார அடுக்குமாடி புளோக்கின் வசிப்போர் குழுத் தலைவி. அவர் கைபேசியில் ஒரு பேட்டி ஓடியது. அதில் பேசியவன் கீதன். மேல்வீட்டில், எட்டாவது மாடியில் வளர்ந்த பையன். பாலிடெக்னிக் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு லண்டனுக்குப் போய், பார்களில் வாசித்து, மூன்றாவது ஆல்பத்தில் பெயரெடுத்தவன். இப்போது ராக் இசை கேட்கும் யாரும் அவனைத் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஒரே தாளத்தில்தான் தொடங்குவான். டக், டக், டடக். அறுபதாயிரம் பேர் அதைக் கைதட்டித் திருப்பித் தருவார்கள்.

"எனக்குத் தாளம் சொல்லிக் கொடுத்தவர் எங்க கீழ்வீட்டு அங்கிள்," என்றான் பேட்டியில். "எனக்கு ஒன்பது வயசு. நான் வாசிக்கும்போது அவர் கீழேயிருந்து சீலிங்ல தட்டித் தாளம் போடுவார். என் முதல் ரசிகர் அவர்தான்."

பசுபதி கிரில்லை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அவர் தட்டியது உண்மை. ஆனால் தாளம் போட அல்ல. நிறுத்தச் சொல்லித்தான்.

அடுக்குமாடி வீடுகளில் ஒருவர் தரை இன்னொருவர் கூரை. நடுவில் ஒரே காங்கிரீட் பலகை. காற்றில் வரும் சத்தத்தை ஜன்னலைச் சாத்தித் தடுக்கலாம். காங்கிரீட்டில் இறங்கும் சத்தத்துக்குக் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. மேலே ஒருவர் தரையில் உட்கார்ந்து கித்தாரை மடியில் வைத்து வாசித்தால், கீழ்வீட்டுக்காரருக்கு அது மண்டைக்குள் கேட்கும். லிப்ட் பழுதுபார்க்கும் வேலையில் பகலெல்லாம் மோட்டார் சத்தம் கேட்டுவிட்டு வரும் பசுபதிக்கு, மாலை ஆறு மணிக்கு மண்டைக்குள் கித்தார். துணி காயப்போடும் மூங்கில் கழியை எடுத்து இடித்தார்.

கழி மூன்று மீட்டர். அறையின் உயரம் அதைவிடக் குறைவு. நேராக நிறுத்த முடியாது. சாய்த்துத்தான் இடிக்க வேண்டும். சாய்த்து இடித்தால் முதல் இரண்டு அடி ஒழுங்காக விழும். மூன்றாவதில் நுனி வழுக்கி, துள்ளி, இன்னொரு இடம் போய் முட்டும். டக், டக், டடக்.

"அண்ணே, அழறீங்களா?" என்றார் சுசீலா. "எனக்கும் பார்த்தப்போ அப்படித்தான் இருந்துச்சு."

அவர் போனதும் பசுபதி ஹாலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். கித்தார் ஒலித்த மூலைக்கு நேர் கீழே முப்பது நாற்பது குழிகள். கோபத்தின் ஆழத்தில் இருந்தன. தாளம் போடுகிறவன் அவ்வளவு ஆழமாகப் போடமாட்டான்.

அன்றைக்கே பட்டி பூசி அடைத்து, மேலே வெள்ளை அடித்தார். பழைய பெயிண்ட் வருஷக்கணக்கில் மஞ்சளாகியிருந்ததால், அடைத்த இடம் மட்டும் பளிச்சென்று நிலா மாதிரி தெரிந்தது. மறைக்க நினைத்த இடத்தையே எல்லோரும் பார்ப்பார்கள். ஆகவே மறுநாள் முழு சீலிங்குக்கும் பெயிண்ட் அடித்தார்.

"படம் எடுக்க வர்றாங்கன்னு வீட்டையே புதுசாக்கிட்டீங்க," என்று சுசீலா நெகிழ்ந்தார். பிறகு அண்ணாந்தார். "ஐயோ, குழியெல்லாம் எங்கே? அதைத்தானே எடுக்க வர்றாங்க?"

"அடைச்சிட்டேன்."

"பரவாயில்ல. அதே கழியால மறுபடி நாலு தட்டு தட்டிக் காட்டிடுங்க."

"அந்தக் கழி இல்ல. எப்பவோ தூக்கிப் போட்டாச்சு."

"பின்னாடி பால்கனியிலதான் இருக்கு," என்றார் மனைவி பஞ்சவர்ணம் சமையலறையிலிருந்து. "நேத்துகூட அதுலதான் உங்க பனியனைக் காயப்போட்டேன்."

சாயங்காலத்துக்குள் கழி புளோக்கின் கீழ்த்தளத்துத் திறந்த கூடத்தில், வாய்ட் டெக்கில், இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே படுத்திருந்தது. மேலே மல்லிகைச் சரம். சனிக்கிழமை கீதனும் கேமராக்காரர்களும் வரும்போது அங்கேதான் பாராட்டு மேடை.

பசுபதி எதிர்வீட்டு ஜாஃபரைத் தேடிப் போனார். "பாய், ஒரு உதவி. தட்டினது நீங்கன்னு சொல்லிடுங்க."

"நானா? என் வீட்டு மேலே யாரு இருந்தா? ஒரு கிழவரும் கிளியும்."

"கேட்டா சொல்லுங்க, அவ்வளவுதான். எனக்கு மேடையெல்லாம் ஒத்துவராது."

ஜாஃபர் அவர் தோளில் கை வைத்தார். "பசு, முப்பது வருஷமா உன்னை ஒரு சிடுமூஞ்சின்னு நினைச்சிட்டிருந்தேன். மன்னிச்சிடு. வர்ற புகழை அடுத்தவனுக்குத் தூக்கிக் கொடுக்கிற மனசு யாருக்கு வரும்?"

ஜாஃபர் அதைச் சுசீலாவிடம் சொன்னார். சுசீலா லிப்டில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டினார். 'முதல் ரசிகர்' என்றிருந்த இடத்தில் 'தன்னடக்கத்தின் சிகரம், முதல் ரசிகர்' என்றிருந்தது. பசுபதி அன்றிலிருந்து படிக்கட்டில் இறங்கினார்.

வெள்ளிக்கிழமைதான் பெரிய இடி விழுந்தது.

"ஏங்க, சுசீலா வந்து பழைய ஞாபகப் பொருள் ஏதாவது இருக்கான்னு கேட்டாங்க," என்றார் பஞ்சவர்ணம். "உங்க பீரோவுல ஒரு பைல் இருந்துச்சே, 'மேல்வீட்டுக் கித்தார்'ன்னு எழுதி? பதினாலு கடிதம். கொடுத்தேன். எல்லாம் இங்கிலீஷ், எனக்கு என்ன புரியப் போவுது."

பசுபதி பீரோவைத் திறந்து பார்த்தார்.

அவை வீடமைப்பு அலுவலகத்துக்கு அவர் எழுதிய புகார்கள். வேலையில் செய்த பழக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து, தேதி, நேரம், எத்தனை நிமிடம் என்று குறித்து வைத்திருந்தார். ஒவ்வொரு புகாருக்கும் ஓர் அதிகாரி மேல்வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஒரே பதிலை எழுதுவார்: சின்னப் பையன், கையில் கித்தாரோடு நிற்கிறான், வாசித்தும் காட்டினான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாவது புகார்தான் மோசம். ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது பையன் வாய்ட் டெக்கில் பந்து உதைத்துக்கொண்டிருந்தான். பசுபதி லிப்டில் ஏறினார். அந்தக் காலத்து லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது; ஒன்று, ஐந்து, ஒன்பது. ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறி வீட்டுக்குள் நுழைந்தால், மேலே கித்தார். லிப்டின் வேகம், கதவு திறந்து மூடும் நேரம், தன் முழங்கால் வலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, பையன் படிக்கட்டில் ஓடித் தன்னை முந்தியிருக்கிறான் என்று கண்டுபிடித்தார். 'இவன் என்னைத் துன்புறுத்துவதற்காகவே எட்டாவது மாடி வரை ஓடி ஏறுகிறான்' என்று எழுதினார். ஒன்பது வயதுக் குழந்தையைப் பற்றி.

சுசீலாவிடம் ஓடினார். பைல் அலங்காரப் பெட்டிக்குள் போய், ரிப்பனும் கட்டியாகிவிட்டது.

"மேடையிலதான் பிரிப்பேன் அண்ணே. கீதனுக்கு சர்ப்ரைஸ்."

சனிக்கிழமை வாய்ட் டெக்கில் உட்கார இடமில்லை. கீதன் கறுப்புச் சட்டையில், காதில் வளையத்தோடு வந்து பசுபதியின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். கேமரா அதைக் கிட்டத்திலிருந்து எடுத்தது. பசுபதி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கீதனுக்குப் பக்கத்தில் அவன் அம்மா குணவதி. எழுபது வயது, பருத்திப் புடவை, பிறந்த ஊர் மாறாத பேச்சு. பல வருஷம் அலுவலகத்தில் கிளார்க் வேலை பார்த்துப் பையனைத் தனியாக வளர்த்தவர். கணவர் விட்டுப்போனது அந்தக் கித்தார் ஒன்றுதான் என்று புளோக்கில் சொல்வார்கள்.

"இப்ப," என்று சுசீலா மைக்கில் சொன்னார், "நம்ம அண்ணன் ரசிச்சு ரசிச்சு எழுதி வச்ச பதினாலு கடிதத்துல முதல் கடிதம்." ரிப்பனை இழுத்தார்.

பசுபதி எழுந்தார். மைக்கைப் பிடுங்கினார் என்றுகூடச் சொல்லலாம்.

"படிக்காதீங்க. அது புகார். பதினாலும் புகார். நான் ரசிகன் இல்ல. தாளம் போடல. நிறுத்தித் தொலைன்னுதான் இடிச்சேன். சின்னப் பிள்ளைன்னு தெரிஞ்சும் இடிச்சேன். குழியை மறைக்கத்தான் பெயிண்ட் அடிச்சேன். ஜாஃபர் பாய், உங்ககிட்ட கேட்டதும் தன்னடக்கத்துல இல்ல. பயத்துல. நான் சிடுமூஞ்சிதான்."

ஜாஃபர், "நான் அப்பவே சொன்னேன்," என்று பக்கத்து நாற்காலியிடம் முணுமுணுத்தார். பஞ்சவர்ணம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

கீதன் மெதுவாகக் கேட்டான். "அப்ப அந்த டடக், அங்கிள்?"

"கழி வழுக்கினது தம்பி."

கீதன் மல்லிகைச் சரம் போட்ட கழியைப் பார்த்தான். அறுபதாயிரம் பேர் கைதட்டிய வழுக்கல். பிறகு ஏனோ திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தான். குணவதி தலையைக் குனிந்து, பசுபதியைவிடச் சிறுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளை மேல கோபப்பட்டது என் தப்பு," என்றார் பசுபதி அவரிடம். "என்னை மன்னிச்சிடுங்க அக்கா."

குணவதி நாற்காலியைப் பிடித்து எழுந்தார்.

"நீங்கதான் தம்பி என்னை மன்னிக்க வேணும், ஆறு மணிக்கு வாசிச்சது நான், ஆள் விசாரிக்க வரேக்கை எல்லாம் வெக்கத்தில கித்தாரை இவன்ட கையில திணிச்சிட்டுக் குசினிக்குள்ள ஓடி ஒளிவன், பதினாலாம் தரம் வந்த ஆக்கள் திரும்பிப் போன பிறகு இவன் கித்தாரை எனக்குத் திருப்பித் தரவே இல்லை."