டாக்டர் ஷிஹாதாவின் கண்ணாடி அலமாரி

சேகரம் கட்டுகிறவர்கள் என்றொரு இனம் உண்டு. காட்டில் இல்லை, பல்கலைக்கழக நூலகங்களில் மேய்கிறது. கிடைத்ததையெல்லாம் வாரிக்கொண்டு வரும், அடுக்கும், பூட்டும், சாவியைப் பையில் போட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டு "எல்லாம் ஆராய்ச்சிக்குத்தான்" என்று சொல்லும். யாருடைய ஆராய்ச்சிக்கு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் இருமும்.

எங்கள் மலை ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இந்த இனத்தின் தலைமகன் நூலகர் டாக்டர் ஷிஹாதா. புவியியல் ஆராய்ச்சிக்கு ஜோர்டானிலேயே பெரிய சேகரத்தைக் கட்டியே தீருவது என்று கிளம்பியவர். அதற்காக அவர் புத்தகக் கடைக்குப் போய் யாரும் பார்த்ததில்லை. இழவு வீடுகளுக்குத்தான் போவார். புவியியல் படித்த எவராவது கண்ணை மூடினால் போதும், அடக்கம் முடிந்து வந்தவர்கள் கைகால் கழுவுவதற்குள் இவர் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "அல்லாஹ் பொறுமையைத் தரட்டும்" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்க, கண்ணாலே புத்தக அலமாரியை அளந்துகொண்டிருப்பார். சர்க்கரை போடாத துக்கக் காபி வரும். வாங்குவார். குடிக்க மாட்டார். கீழே வைத்துவிடுவார்.

எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயமா? பெண் கேட்டு வருகிறவன் கோப்பையைக் கீழே வைப்பான். கொலைப்பழிக்குச் சமாதானம் கேட்டு வருகிறவன் வைப்பான். "நான் வந்த காரியத்தை முடித்துத் தருகிறேன் என்று சொல், அப்புறம் குடிக்கிறேன்" என்று அதற்கு அர்த்தம். விருந்தாளியின் காபியை ஆறவிட்டால் அந்த வீட்டுக்கே தலைகுனிவு. கல்யாணத்துக்கும் உயிருக்கும் வைக்கிற கோப்பையைச் செத்தவர் வீட்டுக் காகிதத்துக்காக வைத்த மகாராஜன் இவர் ஒருவர்தான்.

பேராசிரியர் பவ்வாஸ் இறந்தபோதும் வைத்தார். விஷயம் கேள்விப்பட்டு, பெண்கள் அறையிலிருந்து அவர் மனைவி உம்மு குஸை எழுந்து வந்து கதவோரம் நின்றாள்.

"என்ன வேணும் டாக்டர்?"

"அவரோட வரைபடங்கள், உம்மு குஸை. சேகரத்துல இருந்தா என்னிக்கும் அழியாது. நாலு பேர் படிப்பாங்க."

"எடுத்துட்டுப் போங்க. மொதல்ல காபியக் குடிங்க."

ஒரே மடக்கு. போதும் என்று கோப்பையை ஆட்டிக் காட்டிவிட்டு வரைபடங்களோடு நடந்துவிட்டார்.

உள்ளே பேரீச்சம்பழத் தட்டோடு நின்ற ஹனாதி தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசல்வரை ஓடிவந்து பார்த்தாள். அவள் பவ்வாஸின் கடைசி மாணவி. ரும்மானா பள்ளத்தாக்கில் தூர்ந்துபோன ஊற்றுகளைத் தேடிப் பிடிப்பது அவள் ஆராய்ச்சி. அங்கே அவளுடைய தாய்வீட்டு ஜனம் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கிறது. ஊற்றுகள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் பவ்வாஸ் அந்தப் பள்ளத்தாக்கை நடந்து நடந்து, ஒவ்வொன்றையும் ஒரு தாளில் பென்சிலால் குறித்திருந்தார். வேறெங்கும் அது இல்லை. அந்த ஒரு தாள் இருந்தால் அவள் ஆராய்ச்சி உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

நூலகத்துக்குப் போனாள். கண்ணாடி அலமாரி பளபளவென்று நின்றது. வரைபடங்களெல்லாம் சுருட்டப்பட்டு, பச்சை ரிப்பன் கட்டி, மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரி வரிசையாக நின்றன.

"அந்தத் தாள விரிச்சுப் பாக்கணும் டாக்டர்."

"விரிச்சா ஓரம் கிழியும், மகளே."

"விரிக்காம எப்படிப் படிக்கிறது?"

"படிக்கவா? இது சேகரம்மா! படிக்கணும்னா மேசைல எத்தனையோ புத்தகம் கெடக்கு, எடுத்துக்கோ."

"அந்த ஊத்துங்க வேற எந்தப் புத்தகத்துலயும் இல்லியே."

"அடுக்கி முடியட்டும். இன்ஷா அல்லாஹ்."

மற்றவர்கள் சொன்னால் அந்த வார்த்தையில் நம்பிக்கை பிறக்கும். இவர் சொன்னால் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்கும். ஹனாதி போகும்போதெல்லாம் அந்தத் தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் போய் உம்மு குஸையிடம் அழுதாள். உம்மு குஸை அழவில்லை. சேகரத்தின் திறப்பு விழாவுக்கு வந்திருந்த அழைப்பை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

விழாவில் இல்லாதது உண்டா? கத்தரிக்க ரிப்பன், தட்டுத் தட்டாக குனாஃபா, இனிப்பின் பாகு மீசையில் ஒட்டிய கல்லூரித் தலைவர், அலமாரியைத் தவிர எல்லாவற்றையும் திறந்துவைத்த ஷிஹாதாவின் நெடும் பேச்சு. முன்வரிசையில் உம்மு குஸை, பக்கத்தில் ஹனாதி. காபி வந்தது. உம்மு குஸை வாங்கினாள். கீழே வைத்தாள்.



கல்லூரித் தலைவர் பதறினார். "உம்மு குஸை, காபி ஆறுதும்மா!"

"ஆறட்டும். இந்தப் பொண்ணுக்கு என் புருஷனோட தாள விரிச்சுக் குடுக்கச் சொல்லுங்க. குடிக்கிறேன்."

எல்லாக் கண்களும் ஷிஹாதாவின் மேல். தான் ஊரெல்லாம் வைத்த கோப்பை தன் முன்னாலேயே வந்து உட்கார்ந்தால் மனுஷன் என்ன செய்வார்? இருமினார். பையைத் தட்டினார். கடைசியில் திறந்தார்.

ரும்மானாத் தாள் மேசையில் விரிந்தது. நட்டநடுவில், ரொட்டித்துண்டு அகலத்துக்கு, ஊதா மையில் நூலக முத்திரை. எல்லாத் தாளிலும் அப்படித்தான். பள்ளத்தாக்கு அந்தத் தாளின் நடுவில்தான் இருந்தது. மை காகிதத்துக்குள் ஊறி, பென்சில் குறி ஒன்றுகூடத் தெரியவில்லை. ஹனாதி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பினாள். மறுபடியும் பிடித்தாள். அந்த ஊதா வட்டம்தான் தெரிந்தது.

"நடுவுல போட்டாத்தான் யாராலயும் வெட்டி எடுக்க முடியாது!" என்றார் ஷிஹாதா. பெருமையாகத்தான் சொன்னார்! அப்புறம், "உங்க காரியம் முடிஞ்சுது உம்மு குஸை, குடிங்க" என்றார்.

உம்மு குஸை ஆறிப்போன கோப்பையை எடுத்தாள். நேரே அலமாரிக்குப் போய், பச்சை ரிப்பன்களுக்கு நடுவில் அதை வைத்து, கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

"இதையும் சேத்துக்குங்க டாக்டர். யாரும் தொட்டுடாம பாத்துக்குங்க. வா மகளே, போலாம்."

ஹனாதி இப்போது பள்ளத்தாக்கில், பவ்வாஸ் நடந்த கல்லும் முள்ளும் எல்லாம் மறுபடி நடந்து தேடுகிறாள். இன்னும் ஊற்று எதுவும் அகப்படவில்லை. ஷிஹாதாவோ, அலமாரிக்குள் பூஞ்சணம் பூத்து நாறுகிற அந்தக் காபிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு இழவு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்று கேள்வி.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டுக் கூடத்திலும் ஒரு கண்ணாடி அலமாரி இருக்குமே, அதன் சாவி எங்கே என்று கொஞ்சம் சொல்லுங்கள். ஏன், என்ன ஆச்சு, இருமுகிறீர்கள்?