என் நாடகத்தில் பின்கதவு கிடையாது

என் வீட்டில் ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் இரண்டு பேர். முன்மொழிந்தவன் நான். இன்னொருவர் என் மனைவி நவமணி. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஷர்வின் எடுத்திருக்கிற படத்த இந்தக் குடும்பம் முற்றாகப் புறக்கணிக்குது. ஆட்சேபம் உண்டா?"

"சரிங்க," என்றாள்.

தொழிற்சங்கத்தில் தலை நரைத்தவன் நான். எதிர்த்தரப்பு எடுத்தவுடனே சரி என்று சொன்னால், எழுந்து நாற்காலிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அன்று நான் பார்க்கவில்லை. அவள் கண் வேறு கலங்கியிருந்தது. என் வேதனை புரிந்துவிட்டது என்று நினைத்தேன். வெங்காயத்தை மறந்துவிட்டேன்.

வேதனைக்குக் காரணம் உண்டு. 'உள்ளே ஐவர்' நான் எழுதிய நாடகம். நான் எழுதிய ஒரே நாடகம். எங்கள் ரப்பர் தோட்டத்து வேலைநிறுத்தத்தைப் பற்றியது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரு வீட்டின் முன்னறை. செயற்குழு ஆள்கள் ஐந்து பேர். உட்கார ஐந்து மரப்பெட்டி. ஒரே ஒரு கதவு. வெளியே போலீஸ், வெளியே பசி, வெளியே கருங்காலிகள். உள்ளே விவாதம். கடைசியில் தலைவன் மாறன் ஒரு பேச்சுப் பேசுவான். மாறன் நான்தான், பெயரை மட்டும் மாற்றியிருந்தேன். அந்தப் பேச்சு ஜன்னல் வழியாகத் தோட்ட நிர்வாகியான துரையின் பங்களா வரைக்கும் எட்டும். துரையின் கணக்கெழுதும் கிராணி ஓடிவந்து கதவைத் தள்ளி, "துரை எறங்கி வந்துட்டாரு!" என்பார். திரை விழும். அதுவரை யாரும் அறையை விட்டு நகர முடியாது. பார்க்கிறவர்களும்தான்.

பெண் பாத்திரமும் உண்டு. மேடைக்கு வரமாட்டாள். பின்னால் தொங்கும் பழைய கைலிக்கு அந்தப் பக்கமிருந்து, "கோப்பி கலக்கட்டுமா?" என்று குரல் மட்டும் வரும். மாறன் திரும்பிப் பார்க்காமலே, "இப்ப வேணாம், முக்கியமான விசயம் பேசிக்கிட்டு இருக்கோம்" என்பான். கொட்டகையே சிரிக்கும். தெலுக் இந்தானில் சிரித்தார்கள். தாப்பாவில் சிரித்தார்கள். தைப்பிங்கில் மழை தகரக் கூரையை இடித்துக்கொண்டிருந்தபோதும் சிரித்தார்கள். அந்தக் குரல் நவமணியுடையது. ஒரே வசனம். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அந்த ஐவரில் இப்போது நான் மட்டும் மிச்சம். தோட்டம் கோல்ப் மைதானமாகிவிட்டது. எங்கள் லயம் இருந்த இடத்தில் ஒரு குழி. அதில் பந்தைப் போட்டுவிட்டால் கைதட்டுகிறார்கள். அந்த அறை இனி உலகத்தில் எங்கேயும் இல்லை, என் நாடகத்தைத் தவிர.

அதைத்தான் ஷர்வின் என்ற பையன் படமெடுக்கக் கேட்டான். ஒரே நிபந்தனை போட்டேன். "தம்பி, கேமரா அறைய விட்டு வெளிய போகக்கூடாது." "கண்டிப்பா போகாதுங்கய்யா," என்றான். கைகுலுக்கினோம். அதன்பிறகு அவன் அடிக்கடி வீட்டுக்கு வந்தான். நான் முன்னறையில் உற்பத்தி உறவுகளைப் பற்றி விளக்குவேன். அவன் தலையாட்டிவிட்டு, தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போவான். தாகம் மிகுந்த பையன்.

முன்னோட்டத்தைக் காட்டியவர் தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்காரர் நைனா முகம்மது. தம் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"ராமையாண்ணே, ஒங்க படம் வருது லா! மேலேருந்து எடுத்திருக்கான் பாருங்க. டிரோன்!"

"லயம் எங்கய்யா?"

"அந்தா, புள்ளி மாதிரி தெரியுதே."

"அறை?"

"புள்ளிக்குள்ள இருக்கும்ணே."

அடுத்து ஒருத்தி கேமரன் மலைச் சரிவில் பாட்டுப் பாடி ஓடினாள்.

"ரப்பர் தோட்டத்துக்காரிக்குத் தேயிலைக் காட்டுல என்ன வேல?"

"லீவுல போயிருப்பா."

பிறகு அவள் உச்சி வெயிலில் பால்மரம் வெட்டினாள். விடிவதற்கு முன் வெட்ட வேண்டிய மரம். அந்த வெயிலில் பால் வராது, மயக்கம்தான் வரும். நான் கடையை விட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆகவேதான் தீர்மானம்.

ஊர் பார்க்கட்டும், எனக்குக் கவலையில்லை. ஊர் என்னைக் கைவிட்டுப் பல காலம் ஆகிறது. நவமணி ஒருத்தி என் பக்கம் நின்றால் போதும். அந்த அறையை அறிந்தவள் இனி அவள் மட்டும்தான். அவளும் போய் உட்கார்ந்து கைதட்டிவிட்டால், உள்ளே நான் ஒருவன்.

படம் வெளியான வாரம், சனிக்கிழமை மத்தியானம், வீட்டில் கண்டனக் கூட்டம் அறிவித்தேன். புந்தோங்கில் எங்களுடையது வரிசை வீடு. வாசல் இரும்புக் கதவுக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியது போலவும் ஆயிற்று, நவமணி வெளியே போகாமல் மறியல் செய்தது போலவும் ஆயிற்று. வருகிறவர்களுக்காகக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டேன். ஐந்து. பழக்கம்.

யாரும் வரவில்லை. காற்றாடி ஒவ்வொரு நாற்காலியாகத் திரும்பித் திரும்பி விசாரித்தது. எதிர்வீட்டுக் குடும்பம் புதுத்துணி உடுத்திக் காரில் ஏறியது. "எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டேன். "சும்மா வெளிய தாத்தா," என்றார்கள். பாட்டிமார் எல்லாம் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சும்மா வெளியே போகும் நாடு இது.

கடைசியில் நைனா வந்தார். கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரேக் தேநீர்.

"கூட்டம் முடிஞ்சிருச்சாண்ணே?"

"இன்னும் ஆரம்பிக்கல. சனம் எங்கய்யா?"

நைனா மோட்டுவளையைப் பார்த்தார்.

"யோவ், நீயும் பாத்துட்டியா?"

"ஐயோ, நான் பாக்கல லா! என் பொண்டாட்டி ஷம்சாத்துதான் பாத்தா. நான் பக்கத்து சீட்டுல சும்மா குந்தியிருந்தேன்."

"எப்படி இருந்துச்சாம்?"

"அழுதாண்ணே."

"நீ?"

"எனக்குத் தடுமன்."

அவரிடம் மேற்கொண்டு பேச எனக்குப் பிடிக்கவில்லை. "நவமணி! தே ஊத்த டம்ளர் கொண்டா!" என்று குரல் கொடுத்தேன். பதில் இல்லை. "நவமணி!" அப்போதும் இல்லை.

எழுந்து அடுப்படிக்குப் போனேன். சோறு ஆக்கி மூடியிருந்தது. குழம்பு மூடியிருந்தது. மூடாமல் இருந்தது பின்கதவு ஒன்றுதான். அதற்கு அப்பால் பின்சந்து. சந்தில் வெயில் மட்டும் நின்றது. அவளுடைய செருப்பைக் காணோம்.

இந்த வீட்டில் எத்தனை வருடமாகக் குடியிருக்கிறேன்! முன்வாசலில் உட்கார்ந்து மறியல் செய்தவனுக்குப் பின்னால் ஒரு கதவு இருப்பது தோன்றவே இல்லை. என் நாடகத்தில் பின்கதவு கிடையாது.

"அக்கா போய்ட்டாங்களா?" என்றார் நைனா.

"எங்க போயிருப்பா?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? ரெண்டு மணி ஷோ."

நைனாவின் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தேன். திரையரங்கு இருந்த பேரங்காடிக்குள் தெரிந்த முகம் எதுவும் என்னைப் பார்த்துவிடக் கூடாது. அதனால் தலைக்கவசத்தைக் கழற்றாமலே டிக்கெட் வாங்கப் போனேன். அங்கிருந்த பெண் முதலில் காசுப் பெட்டியை மூடினாள். "ஒரு டிக்கெட் வேணும்மா," என்றேன். கருங்காலியைப் பிடிக்கப் போனவன் கருங்காலி ஆனேன்.

இருட்டில் தடவிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். படம் நான் பயந்ததைவிட மோசம். டிரோன் பறந்தது. திரும்பி வந்தது. மறுபடி பறந்தது. வழி தெரியவில்லை போலிருக்கிறது. பாட்டு வந்தது. எங்கள் தோட்டத்துப் போலீஸ்காரர் வயலின் இசைக்கு மெதுவாக நடந்தார். "அந்தக் காலத்துல இப்படியா தொப்பி வைப்பான்?" என்று சொல்லிவிட்டேன். முன்னால் ஒருவன் திரும்பி, "தாத்தா, மொதல்ல ஒங்க ஹெல்மெட்ட கழட்டுங்க லா," என்றான்.

பிறகு லயம் வந்தது. என் அறை! நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஐந்து பேர் உள்ளே போனார்கள். கதவைச் சாத்தினார்கள். கேமரா வெளியே நின்றுவிட்டது.

நின்றது, திரும்பியது, அடுப்படிக்குப் போனது. அங்கே ஒருத்தி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். கைலித் திரைக்கு அந்தப் பக்கமிருந்து என் வசனங்கள் கேட்டன. கேட்டன என்று சொல்வது பெரிய வார்த்தை. தொட்டித் தண்ணீருக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் மொணமொணத்தன. உபரி மதிப்பைப் பற்றி மாறன் பேசும் இடம் நாடகத்தின் முதுகெலும்பு. அந்த இடத்தில் அவள் வெங்காயம் வதக்கினாள். அரங்கம் முழுக்க வெங்காயச் சத்தம்.

"கோப்பி கலக்கட்டுமான்னு கேட்டேன்," என்று ஒரு குரல் சொன்னது. கதை சொல்லும் கிழவியின் குரல். யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரலை முகமில்லாமல் கேட்டே பழகியவன் நான்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து மாறனின் வசனங்களில் ஒன்றே ஒன்று தெளிவாக வந்தது. "இப்ப வேணாம், முக்கியமான விசயம் பேசிக்கிட்டு இருக்கோம்."

கொட்டகை சிரித்தது. ஆனால் அது தெலுக் இந்தானில் கேட்ட சிரிப்பு இல்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே போனாள். அடுத்த வீட்டுப் பின்கதவைத் தட்டினாள். அதற்கடுத்த வீடு. மறுநாள் காலை, ஐவரும் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கையில், தோட்டத்துப் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளையெல்லாம் தூக்கிப்போய்த் துரை பங்களாவின் வராந்தாவில் வரிசையாகக் கிடத்தினார்கள். "சம்பளம் இல்ல, பால் இல்ல. நீங்களே வளத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். குழந்தைகள் ஒன்றுசேர்ந்து அழ ஆரம்பித்தன. துரை ஒன்றைத் தூக்கினார். அது அவர் கால்சட்டையை நனைத்தது. வெயில் ஏறுவதற்குள் கிராணி லயத்துக்கு ஓடினார். "துரை எறங்கி வந்துட்டாரு!" உள்ளே மாறன் அப்போதுதான் பேச்சை முடித்திருந்தான். ஐவரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அப்போதும் சிரித்தார்கள்.

விளக்கு எரிந்ததும் எல்லாரும் எழுந்து முன்வரிசையைப் பார்த்துக் கைதட்டினார்கள். அங்கே எங்கள் பழைய தோட்டத்துப் பெண்கள், நரைத்த தலைகளாக. நடுவில் தீபாவளிச் சேலையில் நவமணி. பக்கத்தில் ஷர்வின். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன்.

"என்னங்க, தலையில என்னது?" என்றாள்.

தலைக்கவசத்தைக் கழற்றினேன். "கட்டுப்பாட்ட மீறிட்டே நவமணி."

"ஆமா. நீங்க?"

"நான் ஒன்னத் தேடி வந்தேன்."

"படம் முடியிற வரைக்குமா தேடுனீங்க?"

"தீர்மானம் போட்டப்ப சரிங்கன்னு சொன்னியே!"

"காதுல விழுந்துச்சுன்னு சொன்னேன்."

அவளிடம் பிடி கிடைக்காமல் ஷர்வினைப் பிடித்தேன். "தம்பி, கேமரா அறைய விட்டு வெளிய போகக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"போகலையே அய்யா. உள்ள போனாத்தானே வெளிய வரணும்?" என்றான் பணிவாக. அடிக்கடி தண்ணீர் குடித்தவன் அல்லவா.

நான் நவமணியின் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டேன். "அந்தப் பிள்ளைங்க விசயம்... அது இவன் கற்பனதானே?"

"நம்ம கலாதேவியும் அந்த வராந்தாவுலதான் கெடந்தா. தொரை சட்டைய நனைச்சது அவதான்." கலாதேவி எங்கள் மகள். இப்போது சிங்கப்பூரில் அதிகாரி. "கால்சட்டைன்னு படத்துல மாத்திட்டாங்க," என்றாள் நவமணி. அவளுக்கும் படத்தில் ஒரு குறை இருந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன்," என்றாள். கோபம் இல்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "கோப்பி கலக்கட்டுமான்னு கேட்டேன்."

வீடு திரும்பியபோது அவளோடு தோட்டத்துப் பெண்களும் வந்தார்கள். கண்டனக் கூட்டத்துக்குப் போட்டு வைத்த நாற்காலிகளைப் பார்த்து, "அண்ணே நம்மள எதிர்பாத்து நாற்காலியெல்லாம் போட்டு வச்சிருக்காரு!" என்று மகிழ்ந்தார்கள். நான் மறுக்கவில்லை. ஐந்து நாற்காலியும் நிறைந்தன. வாசலில் கிடந்த என் நாற்காலியையும் ஒருத்தி உள்ளே இழுத்துக்கொண்டாள். யார் குழந்தை பலமாக அழுதது, யார் பயந்து பாதியில் திரும்பி ஓடப் பார்த்தாள், யார் துரையிடம் ஒரு புட்டிப் பால் கேட்டு வாங்கினாள் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த வேலைநிறுத்தத்தில் நான் ஒரு நாளும் இருந்ததில்லை என்பதுபோல் கேட்டுக்கொண்டு நின்றேன். நிற்பதும் அவர்களுக்கு மறைத்தது. அடுப்படிக்குப் போனேன்.

தண்ணீரை அடுப்பில் வைத்தேன். தூள் டப்பாவைத் தேடிக் கண்டுபிடித்தேன். கூடத்தில் சிரிப்பு ஓயட்டும் என்று காத்திருந்துவிட்டுக் குரல் கொடுத்தேன்.

"கோப்பி கலக்கட்டுமா?"

"இப்ப வேணாங்க," என்று வந்தது அந்தக் குரல். "முக்கியமான விசயம் பேசிக்கிட்டு இருக்கோம்."

அடுப்பை அணைத்தேன். பின்கதவு திறந்தேதான் கிடந்தது. எனக்குத்தான் போக ஓர் இடமும் இல்லை. வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன்.